விழுந்த கொப்பில் ஒரு மெழுகுதிரித் தாங்கி: தீவகத்தில் எந்த மரம், எந்த வடிவம்?

யாழ்ப்பாணத்துத் தீவகத்து வளவுகளில் கொப்பு முறிந்து விழ இரண்டு பருவங்கள் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகம், மரத்திலேயே காய்ந்து நிற்கிற கொப்புகளை முறித்துப் போடும். ஐப்பசியிலிருந்து மழையோடு வரும் வாடை பச்சைக் கொப்புகளையும் சாய்க்கும். 2020 டிசம்பரில் வந்த புரெவி போல ஒரு புயல் கடந்தால் மரமே வேலியில் கிடக்கும். விழுந்ததில் பெரும்பகுதி அடுப்புக்குப் போகிறது. போகட்டும், விறகு தேவைதான். அதிலிருந்து மூன்று அங்குலத்துக்குக் குறையாத தடிப்புள்ள நாலைந்து துண்டுகளை எடுத்து வைத்தால் வீட்டுக்கு வேண்டிய மெழுகுதிரித் தாங்கிகளை நாமே செய்துவிடலாம். எந்தக் கொப்பை எடுப்பது, எதை விடுவது, எப்படி வெட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

மெழுகுதிரி எங்களுக்கு வெறும் அலங்காரம் அல்ல. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் தேசிய மின்தொடரின் இணைப்பு கிடையாது. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே இந்த மூன்று தீவுகளும் இருந்து வந்திருக்கின்றன. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்திய நிதியுடன் ஒப்பந்தம் ஆனது 2024 மார்ச்சில். அதற்கு முன் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் படித்தவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். ஊர்காவற்றுறையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுகின்றன. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை நெடுந்தீவு ஒவ்வொரு வருடமும் சுடர் ஏற்றி நினைக்கிறது. இந்தச் சுடர்களைத் தாங்கும் பொருளைக் கவனமாகத் தெரிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல.

மரத்தைப் பேசுமுன் கார்த்திகை விளக்கீட்டைப் பார்ப்போம். விளக்கீட்டன்று முற்றத்தில் வாழைக்குற்றியை நட்டு அதன் தலையில்தான் விளக்கை வைக்கிறோம். கிணற்றடியிலும் கோடியிலும் படலையிலும் நடுகிற பந்தத் தடிகளில் எண்ணெய்த் துணி சுற்றிய முனை எரியும், அந்த முனை எரிந்தே தீரும் என்று தெரிந்துதான் நடுகிறோம். விளக்கு நிற்கவேண்டிய இடத்தில் மட்டும் வாழை. காரணம் எளியது: வாழைக்குற்றி முழுக்கத் தண்ணீர், அதில் தீ பற்றாது. ஓர் இரவுக்கு இதைவிடச் சிறந்த தாங்கி தீவகத்தில் இல்லை. நினைவு நாளுக்கோ வேறு ஏதும் ஓர் இரவு நிகழ்வுக்கோ நூறு சுடர் வைக்க வேண்டுமானால் கொப்பு அறுத்து மினக்கெட வேண்டாம். குலை வெட்டிய வாழையைத் துண்டு போடுங்கள்.

வருடக்கணக்கில் வைத்திருக்கும் தாங்கிக்கு வாழை உதவாது, காய்ந்த மரம் வேண்டும். காய்ந்த மரம் எரியும் பொருள். அதனால் நெருப்பு மரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை உலோகத்திடம் கொடுக்க வேண்டும். மரத்தில் துளை போட்டு மெழுகுதிரியை அப்படியே செருகினால் முதல் சில நாட்களுக்கு ஒன்றும் ஆகாது. நாள் போகப் போக உருகிய மெழுகு துளையின் சுவருக்குள் ஊறும். மெழுகு ஊறிய மரநார் திரியின் வேலையைச் செய்யத் தொடங்கும். ஒரு நாள் மெழுகுதிரி அடிவரை எரிந்து இறங்கும்போது தாங்கியே பற்றிக்கொள்ளும். மரம் எதுவானாலும் இந்த ஆபத்து ஒன்றுதான். எனவே கீழே சொல்லும் எல்லாத் தெரிவுகளுக்கும் ஒரு தகட்டுக் கிண்ணம் உள்ளே உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மரங்கள். என் தெரிவு பூவரசு. எங்கள் வேலிகளில் கதியாலாக நின்று மரமாகிப் போன பூவரசுகள் எத்தனை! உப்புக் காற்றுக்கும் உவர் நிலத்துக்கும் அசையாத மரம் அது. முற்றிய கொப்பை அறுத்துப் பாருங்கள்: வெளியே வெளிறிய வெள்ளை, நடுவில் செம்மை கலந்த கடும் மண்ணிறம். அந்த நடுப்பகுதிதான் வைரம். அதில் பூச்சி இலகுவில் ஏறாது, தேய்க்கத் தேய்க்க மினுங்கும். வண்டிக்கும் வள்ளத்துக்கும் பூவரசைத் தேடியது இதற்காகத்தான். உளிக்கு இணங்கும், ஆனால் பொடியாய் உதிராது. காயும்போது கோணுவதும் குறைவு. மெல்லிய கொப்பில் வைரம் இராது, அதனால் கைமணிக்கட்டை விடத் தடித்த கொப்பையே எடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஈரநிலத்தில் கிடக்கும் பூவரசங் கொப்பு சாகாது, துளிர்விடும். விழுந்து ஒரு மாதம் ஆயிற்று, காய்ந்திருக்கும் என்று நினைத்து எடுத்தால் உள்ளே பச்சையாக இருக்கும். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் காய வைக்கும் காலத்தை அன்றிலிருந்து எண்ணுங்கள்.

வேம்பு அடுத்தது. எண்ணிக்கையில் பார்த்தால் வேம்புதான் முதல். சோளகம் அடித்த மறுநாள் எந்த வளவிலும் வேப்பங்கொப்பு கிடக்கும். கறையான் அண்டாது என்பது இதன் பெரிய பலம். மண்தரையில், முற்றத்து ஓரத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைக்கப்போகிற தாங்கி என்றால் பூவரசைவிட வேம்பையே நான் சொல்வேன். அதன் குறை நார் ஓட்டத்தில் இருக்கிறது. நார் ஒரே திசையில் ஓடாமல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் உளி வைத்த இடத்தில் செதில் செதிலாகப் பிய்ந்து வரும். துளையை உளியால் தோண்டாமல் ட்ரில்லால் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெயிலில் காய வைத்தால் வேம்பு வெடிக்கும், அவசரக்காரருக்கு ஏற்ற மரம் அல்ல.

பூவரசா வேம்பா என்று இரண்டும் கையில் இருக்கும்போது இப்படி முடிவு செய்யலாம். கைக்கருவி மட்டும் உள்ளவர், மேசையில் வைக்க நுணுக்கமான ஒன்று வேண்டுபவர் பூவரசை எடுக்கட்டும். ட்ரில் இருக்கிறது, வெளியில் வைக்கப் பாரமான குற்றி வேண்டும் என்பவர் வேம்பை எடுக்கட்டும்.

சவுக்குக் கொப்பு காரைநகரில் கிடைக்கும். கசூரினாக் கடற்கரைக்குப் பெயர் கொடுத்த மரமே அதுதான். பார்க்க நேராக, உருண்டையாக, வெட்டிய கையோடு தாங்கி ஆகிவிடும் போல இருக்கும். ஆனால் காயும்போது நடுவிலிருந்து ஓரம் வரை கதிர் கதிராகப் பிளக்கும். அதோடு அது முதல்தரமான விறகு, பற்றினால் நின்று எரியும். தீ வைக்கும் பொருளுக்கு இது நல்ல குணம் அல்ல. சவுக்கில் செய்தே ஆகவேண்டும் என்றால் நடுக்குருத்தைத் துளைத்து எடுத்துவிடுங்கள். குற்றி காயும்போது சுற்றுவாக்கில்தான் அதிகம் சுருங்கும், நடு அதற்கு இடம்கொடாததால் பிளக்கும். நடு இல்லாமல் போனால் இழுவிசை குறையும், வெடிப்பும் குறையும். இந்த உபாயம் வேம்புக்கும் உதவும்.

புளியங்கொப்பு ஏமாற்றும். புளி வைரம் உரலுக்கும் இறைச்சி வெட்டும் கட்டைக்கும் பெயர் போனது என்பதால் பலரும் ஆசையோடு எடுத்துவந்து வைக்கிறார்கள். அந்த வைரம் முதிய அடிமரத்தில் இருக்கிறது. விழுந்த கொப்பில் முக்கால்வாசிக்கு மேல் மஞ்சள் நிற வெளிமரம். உளு புகுந்து சில மாதங்களில் மாவாகக் கொட்டும். முருங்கையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, பருத்தாலும் தூணாகாது என்று பழமொழி சொல்லிவிட்டது. முள்முருக்கும் அப்படித்தான். கிளுவையை வேறு காரணத்துக்காக விட வேண்டும்: அதன் பட்டையிலும் மரத்திலும் வாசமான பிசின் ஓடுகிறது, பிசின் நெருப்பை அழைக்கும். கிளுவங் கதியாலைத் திரும்ப வேலியில் நட்டுவிடுங்கள், அதுதான் அதற்கு மரியாதை.

பனைக்குக் கொப்பு இல்லை. ஆனாலும் பனையைச் சொல்லாமல் தீவகத்து மரத்தைப் பற்றி எழுத முடியாது. மற்ற மரங்களில் வைரம் உள்ளே. பனையில் கருவைரம் வெளியே, உள்ளே மெதுவான சோத்தி. விழுந்த பனங்குற்றியின் நடுவைத் தோண்டுவது ஆகவே மிகச் சுலபம், கைக்கரண்டி கூட வேலை செய்யும். வெளிச் சுவரை அறுப்பதுதான் பாடு. அறுத்த விளிம்பில் கறுத்த சிராய்கள் ஊசி போல நிற்கும். கையில் ஏறினால் எடுப்பது சிரமம். அரத்தால் விளிம்பை மழுக்கிவிட்டே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கணக்கில்லாமல் தறிக்கப்பட்ட மரம் இது. நிற்கிற பனையை உரிய அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது, தறிக்கவும் கூடாது. பழைய வீடு பிரித்த பனஞ்சிலாகைத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். பல பத்தாண்டு கூரையில் காய்ந்த மரம் அது, புதிதாக வெடிக்க அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. இரண்டு துண்டைச் சேர்த்து ஒட்டி மேலே ஒரு சோடா மூடியை அறைந்தால் தாங்கி முடிந்தது. பன்னாடை, தும்பு, ஓலை எதையும் அலங்காரத்துக்காகக் கிட்டச் சுற்ற வேண்டாம். ஒரு பொறி போதும்.

கடல் ஒதுக்கிய மரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். புங்குடுதீவு, நெடுந்தீவுக் கரைகளில் அலை தின்று வழுவழுப்பாக்கிய கட்டைகள் கிடக்கும். அந்த வெளிறிய சாம்பல் நிறத்துக்கு எந்தப் பூச்சும் ஈடாகாது. ஆனால் அதற்குள் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மாரியில் மரம் வியர்க்கும், இரும்பு ஆணி துருவேறிக் கறை வடிக்கும். உப்பேறிய மரம் எரிந்தால் வரும் புகையும் கூடாதது. வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவாரம் நன்னீரில் ஊறப்போட்டு நாளுக்கு நாள் தண்ணீரை மாற்றச் சொல்லும். தீவகத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. கிணறு உவர்த்து, பவுசர் வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊரில் ஒரு கட்டைக்காக நல்ல தண்ணீரைக் கொட்டுவதை யார் பொறுப்பார்கள்? மழையிடம் விடுங்கள். ஐப்பசியில் கட்டையை இரண்டு கல்லுக்கு மேல் தூக்கி முற்றத்தில் வைத்தால் மார்கழி முடிய உப்பின் பெரும்பகுதி கழுவுப்பட்டுவிடும். ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் இன்னொரு மாரி. பெயின்ற் ஒட்டியிருக்கும் பழைய வள்ளப் பலகையைத் தாங்கிக்கு எடுக்காதீர்கள். பழைய வள்ளப் பூச்சுகளில் நஞ்சு உண்டு, சூடு படும் இடத்துக்கு அது ஆகாது.

தொடவே கூடாதவை சில. அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. களப்போரத் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, காய்ந்த கொப்பை எரித்தால் வரும் புகையும் உறைக்கும். கண்டல் மரங்களைப் பொதுவாகவே விட்டுவிடுங்கள்; தன் கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாக்கிறோம் என்று 2015இல் உலகில் முதலாவதாக அறிவித்த நாடு இலங்கை, விழுந்த கண்டற்கொப்பு இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் வீடு. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இலிருந்து தேசியப் பூங்கா. அங்கு கிடப்பது காய்ந்த சுள்ளியானாலும் அங்கேயே கிடக்க வேண்டும். நெடுந்தீவுக்குப் போகிற எல்லாரும் பார்க்கிற அந்தப் பெருக்குமரத்தின் கீழ் விழுந்ததையும் எடுக்காதீர்கள். நினைவுப் பொருளுக்கு ஆசைப்பட்டு எடுத்தாலும் பயன் இல்லை, தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பஞ்சு போன்ற மரம் அது, காய்ந்தால் நார் நாராகப் பிரிந்துவிடும். நெடுந்தீவு முருகைக்கல் வேலியிலிருந்து அடிக்கல்லாக வைக்க ஒரு கல்லை உருவும் பழக்கமும் வேண்டாம். அந்த வேலிகள் சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் நிற்கிற வேலிகள், ஒன்று போனால் பக்கத்துக் கல்லும் சரியும்.

அடுத்தவர் வளவு என்றால் கேட்டு எடுப்பதுதான் முறை. "அக்கா, வேலியோரம் கிடக்கிற பூவரசங் கொப்பை எடுக்கட்டோ?" என்று படலையில் நின்று கேட்டால், "எடு பிள்ளை, அடுப்புக்குத்தானே வைச்சிருக்கிறன்" என்று வாள் கூடத் தருவார்கள். ஆளில்லாத வீடுகள்தான் சிக்கல். புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் கூரை இழந்து நிற்கிற எத்தனையோ வீடுகளின் உரித்துக்காரர் கனடாவிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்பதால் வளவு பொது ஆகிவிடாது. கோயில் வளவு இலுப்பையும் மருதும் கோயிலுக்கு உரியவை. நயினாதீவானாலும் வேறெந்த ஊரானாலும் நிர்வாகத்தைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

மரம் முடிவானதும் வடிவம். மூன்று வடிவங்கள் வீட்டில் செய்யக்கூடியவை. மூன்றும் ஒரே வேலைக்கு ஆகா.

நிறுத்திய குற்றி எல்லோருக்கும் ஏற்றது. கொப்பைக் குறுக்கே அறுத்து, இரண்டு வெட்டுமுகத்தையும் சமப்படுத்தி, மேல்முகத்தில் துளை. சிறு தகட்டுக் கிண்ணத்தோடு வரும் டீலைட் மெழுகுதிரிக்கு இதுதான் பொருத்தம். அந்தக் கிண்ணத்தின் விட்டம் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர். கடையில் ஒன்றரை அங்குல வட்டவாள் வாங்கிவந்து துளை போட்டால் கிண்ணம் இறுகிக்கொள்ளும், எரிந்து முடிந்ததும் கத்தியால் நெம்ப வேண்டி வரும். 40 மில்லிமீற்றர் கேட்டு வாங்குங்கள். துளையைச் சுற்றி ஒரு விரற்கடை மரமாவது மிஞ்ச வேண்டும், ஆகவே மூன்று அங்குலத்துக்குக் குறைந்த கொப்பு சரிவராது. உயரம் விட்டத்தின் இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும். விறாந்தையில் பூனையும் பிள்ளைகளும் ஓடுகிற வீடுகளில் இன்னும் குள்ளமாக வையுங்கள்.

கிடத்திய கொப்பு சாப்பாட்டு மேசைக்கும் தேவாலயப் பீடத்தின் முன்னால் வைப்பதற்கும் அழகு. ஒரு நீளக் கொப்பின் அடியைச் சீவித் தட்டையாக்கி, முதுகில் வரிசையாக மூன்று, நாலு துளை. இதில் தவறு நடக்கும் இடம் அந்த வரிசை. மரநார் நீளவாக்கில் ஓடுகிறது, வெடிப்பும் நீளவாக்கில்தான் ஓடும். துளைகளை ஒரே நேர்கோட்டில் போட்டால் ஒரு வெடிப்பு எல்லாத் துளைகளையும் இணைத்துக் கொப்பை இரண்டாகப் பிளந்துவிடும். ஒன்றை வலப்பக்கம், அடுத்ததை இடப்பக்கம் என்று சற்று விலக்கிப் போடுங்கள். சுடருக்குச் சுடர் நாலு அங்குலம் இடைவெளி வேண்டும். நெருக்கி வைத்தால் ஒன்றின் சூடு மற்றதை உருக்கும், மெழுகு முழுக்கத் தண்ணீராகிப் பெரும் சுடராக எழும்பும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, முக்கவர். கொப்பு மூன்றாகப் பிரியும் இடத்தை வெட்டி எடுத்துத் தலைகீழாக நிறுத்தினால் மூன்று காலும் ஒரு தலையும் கிடைக்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, சாணி மெழுகிய முற்றத்திலும் சேமக்காலை மண்ணிலும் அப்படியே நிற்கும். கால்களை மட்டப்படுத்த ஒரு வழி: தட்டையான பலகையில் நிறுத்தி, சின்னக் கட்டை ஒன்றின் மேல் பென்சிலைக் கிடத்தி, மூன்று காலையும் சுற்றிக் கோடு இழுத்து அந்தக் கோட்டில் அறுங்கள். தலையில் நீள மெழுகுதிரிக்குத் துளை தேவையில்லை. சோடா மூடி ஒன்றைக் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்து நடுவில் ஆணி அறைந்தால் போதும். மூடியின் உட்புறம் 26 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. வீட்டில் வாங்கும் சாதாரண மெழுகுதிரி இரண்டு சொட்டு மெழுகில் அதற்குள் உறுதியாக நிற்கும். மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் படலத்தை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஆணி பித்தளையாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கட்டும். எங்கள் காற்றில் இரும்பு ஆணி ஒரு சோளகம் தாங்காது. மூடியின் கீழே, அதைவிட அகலமாக, ரின்மீன் பேணியில் வெட்டிய ஒரு வட்டத் தகட்டையும் சேர்த்து அறைந்தால் மெழுகுதிரி அடிவரை எரிந்தாலும் மரம் தப்பும்.

காற்றுக்கு வருவோம். கடலைப் பார்த்த விறாந்தையில் எந்தத் தாங்கியிலும் திறந்த சுடர் நிற்காது. டீலைட் குள்ளமானது என்பதால் ஓரளவு ஒதுங்கும், நீள மெழுகுதிரி ஒரு பக்கமாக வடிந்து பாதி மெழுகு வீணாகும். பழைய ஜாம் போத்தலே இதற்கு மருந்து. குற்றியின் தலையில் போத்தலின் அடி இருக்குமளவு அரை அங்குல ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள், போத்தலுக்குள் இரண்டு விரற்கடை காய்ந்த மணல் போட்டு மெழுகுதிரியை அதில் நடுங்கள். மணல் மெழுகுதிரியையும் பிடிக்கும், அடிக்கண்ணாடி சூட்டில் வெடிக்காமலும் காக்கும். வாய் அகன்ற போத்தலாக எடுக்க வேண்டும். ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலில் காற்றுப் போதாமல் சுடர் புகைந்து கண்ணாடி கறுக்கும். நவம்பர் 2 வாடை தொடங்கும் காலம். சேமக்காலைக்குக் கொண்டுபோக முக்கவரும் போத்தலும் சேர்ந்த தாங்கியே சரி.

காய வைப்பதில் பொறுமை வேண்டும். கொப்பை வெட்டியவுடன் இரண்டு முனைக்கும் மெழுகு பூசுங்கள். எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பால்பேணியில் போட்டு, பேணியைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்கினால் போதும், பேணியை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. ஈரம் வெட்டுமுகத்தால்தான் விரைவாக வெளியேறும், அதை மறித்தால் மெதுவாகப் பக்கவாட்டில் காயும், வெடிப்பு குறையும். பட்டையை உரித்துவிடுவதே நல்லது. பட்டையோடு இருந்தால் காட்டுத்தனமான அழகு உண்டு என்பது உண்மை, ஆனால் காயும்போது அது கழன்று தொங்கும், அதற்கடியில் பூச்சி குடியேறும், தீயும் முதலில் பட்டையையே பிடிக்கும். நிழலில், காற்றுப் படும் இடத்தில், நிலத்தில் படாமல் வையுங்கள். தையில் எடுத்த கொப்பு வரும் புரட்டாதிக்குள் பெரும்பாலும் தயாராகிவிடும். சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்தது. துளை போடுவது அதற்குப் பிறகு.

பூச்சுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், நாட்பட மணக்கும். தேன்மெழுகைத் துணியில் எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்தால் பூவரசின் நிறம் அப்படியே எழும்பும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. வெளியில் கொடியில் விரித்துக் காயவிடுங்கள். துளைக்குள் எந்தப் பூச்சும் போகக் கூடாது.

கோடை விடுமுறைக்கு வரும் உறவுகள் பிறந்த வளவின் மரம் என்று ஒரு துண்டைக் கேட்பார்கள். கேட்பது நியாயம், கொடுப்பதும் சந்தோஷம். ஆனால் பட்டை உரிக்காத, உளு ஓட்டை தெரிகிற எதையும் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மரப்பொருளை விமான நிலையத்தில் அறிவிக்கச் சொல்லும், பட்டையோ பூச்சியோ கண்டால் பறித்துவிடும். மற்ற நாடுகளிலும் அறிவிப்பதே பாதுகாப்பு. முழுக்கக் காய்ந்த பூவரசுக் குற்றியோ பழைய சிலாகைத் துண்டோ கொடுத்தனுப்ப ஏற்றவை. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக் காற்று எங்கள் சித்திரையைவிட வறண்டது, அங்கே போன மரம் இன்னொரு முறை சுருங்கும். அவர்களுக்குச் செய்யும் தாங்கியில் துளையை 42 மில்லிமீற்றராகப் போட்டு, கிண்ணம் கையால் இலகுவாகச் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே கொடுங்கள்.